போதை அடிமை நரம்பியலில் போஸ்ட்டாக்: தனி ஆய்வகமா, பயிற்சித் திட்டமா?

சினாப்ஸ்காரி:

வணக்கம். நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியின் சினாப்ஸ்களை, அதாவது நரம்பணு இணைப்புகளைப் பற்றி முனைவர் பட்டம் முடித்தேன். மூளைச் சீவலில் பேட்ச் கிளாம்ப் பதிவு, அதாவது ஒரு நரம்பணுவின் மின் சைகையை நுண்குழாயால் பதிவு எடுப்பதுதான் எனக்குக் கைவந்த வேலை. இனி மது, போதைப்பொருள் அடிமை நோயின் நரம்பியலுக்குள் போவது என்று முடிவு செய்துவிட்டேன், அதில் மாற்றமில்லை. அமெரிக்காவில் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பணிக்கு, இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. கிரீன் கார்டு இருப்பதால் இரண்டுக்கும் தகுதி உண்டு.

ஒன்று, கோகெயின் ஆராய்ச்சியில் பெயர் பெற்ற தனி ஆய்வகம். சம்பளம் ஆய்வகத் தலைவரின் நிதியிலிருந்து வரும். ஒளியால் நரம்பணுக்களை இயக்கும் ஆப்டோஜெனெடிக்ஸ், அவற்றின் செயல்பாட்டை ஒளியிழை வழியே அளக்கும் ஃபைபர் போட்டோமெட்ரி என்று எல்லாக் கருவியும் அங்கேயே இருக்கிறது, சேர்ந்த அன்றே பரிசோதனையைத் தொடங்கலாம். இன்னொன்று, அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனமான என்.ஐ.எச் கொடுக்கும் டி-32 என்ற பயிற்சி நிதியில் நடக்கும் பயிற்சித் திட்டம். மதுவை மையமாக வைத்துப் பல ஆய்வகங்கள், பக்கத்திலேயே சிகிச்சைப் பிரிவு, வாராவாரம் வகுப்பு, ஆளுக்கு இரண்டு வழிகாட்டிகள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாதி நேரம் கூட்டங்களிலேயே போய்விடும் என்று என் இப்போதைய வழிகாட்டி எச்சரிக்கிறார்.

எதைத் தேர்ந்தெடுக்க என்று மட்டும் கேட்கவில்லை. இந்தத் துறைக்கு வெளியிலிருந்து வருகிற ஒரு நரம்பியலாளருக்கு உண்மையில் என்ன பயிற்சி தேவை? அது அங்கே கிடைக்குமா என்பதை நேர்காணலில் எப்படித் தெரிந்துகொள்வது? விரிவாகவே எழுதுங்கள், நீளமாக இருந்தாலும் படிப்பேன்.

குழாய்முனை:

நல்ல கேள்வி. நானும் சீவலில் பதிவு எடுத்துத்தான் இந்தத் துறைக்குள் வந்தேன், இப்போது சில போஸ்ட்டாக்குகளுக்கு வழிகாட்டுகிறேன். அதனால் நேரடியாகச் சொல்கிறேன்: உங்களுக்குக் கருவிப் பயிற்சி தேவையில்லை. கருவி யாருக்கும் ஆறு மாதத்தில் வந்துவிடும். நீங்கள் கற்க வேண்டியது, ஒரு எலியிடம் எதைப் பார்த்தால் அதை அடிமை நிலை என்று சொல்லலாம் என்பது.

கேட்கும்போது எளிதாகத் தோன்றும், ஆனால் இந்தத் துறையின் பாதிச் சண்டை இதில்தான் இருக்கிறது. 1954-இல் ஓல்ட்ஸும் மில்னரும் எலியின் மூளைக்குள் மின்முனை வைத்து, எலி தானே நெம்புகோலை அழுத்தித் தன் மூளையைத் தூண்டிக்கொள்வதைக் காட்டினார்கள். அதன்பின் பல ஆண்டுகள், போதைப்பொருளுக்காக எலி நெம்புகோலை அழுத்துகிறதா என்பதே போதுமான அளவுகோலாக இருந்தது. ஆனால் நெம்புகோலை அழுத்தும் எலி எல்லாம் அடிமை இல்லை. 2004-இல் டெரோஷ்-காமோனே குழு, மனித நோய்க்கணிப்பை ஒட்டி மூன்று அளவுகோல்களை வைத்தது: போதைப்பொருள் கிடைக்காத நேரத்திலும் விடாமல் தேடுகிறதா, அதற்காக எவ்வளவு உழைக்கத் தயாராக இருக்கிறது, தண்டனை கிடைத்தாலும் தொடர்கிறதா. நீண்ட காலம் கோகெயின் எடுத்த எலிகளில் சுமார் 17 சதவீதம்தான் மூன்றிலும் தேறின. எல்லா எலியும் ஒரே அளவு கோகெயின் எடுத்திருந்தும் இப்படி.

இப்போது உங்கள் வேலையை இதோடு சேர்த்துப் பாருங்கள். நீங்கள் சீவல் எடுக்கும் எலி அந்த 17-இல் ஒன்றா, மீதி 83-இல் ஒன்றா? தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே குழுவாகப் போட்டுச் சராசரி எடுத்தால், நீங்கள் அளப்பது போதைப்பொருள் உடலுக்குள் போனதன் விளைவை மட்டுமே, நோயை இல்லை. பதிவு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்தத் தவறு உள்ளேயே இருக்கும். நேர்காணலில் அவர்களுடைய போஸ்ட்டாக் ஒருவரிடம் "உங்கள் விலங்குகளில் ஒன்றுக்கொன்று உள்ள வேறுபாட்டை என்ன செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். வேறுபாடு ஒரு தொல்லை என்ற தொனியில் பதில் வந்தால் யோசியுங்கள். அதைத்தான் ஆராய்கிறோம் என்று சொன்னால் அங்கே பயிற்சி நடக்கிறது என்று பொருள்.

ஒற்றைச்செல்:

குழாய்முனை சார் சொல்வதில் பாதியை ஏற்கிறேன், மீதியை ஏற்கவில்லை. போஸ்ட்டாக் என்பது படிப்பு கிடையாது, வேலை தேடும் காலம். நாலு வருடத்துக்குள் ஒரு கனமான கட்டுரை வந்தால்தான் உங்கள் பெயர் தேர்வுக் குழு மேசையில் நிற்கும். போஸ்ட்டாக்கிலிருந்து சொந்த ஆய்வகத்துக்குப் போக உதவும் கே-99 என்ற என்.ஐ.எச் நிதிக்கு விண்ணப்பிக்க, போஸ்ட்டாக் அனுபவம் 4 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அந்தக் கடிகாரம் நீங்கள் சேர்ந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். வகுப்பு, சுழற்சி, மருத்துவமனைப் பார்வை என்று முதல் ஆண்டு போனால், இரண்டாம் ஆண்டில் விலங்குகளைத் தயார் செய்து, மூன்றாம் ஆண்டில் தரவு எடுத்து, எப்போது எழுதுவது? ஒரே ஆய்வகம், ஒரே கேள்வி, ஆழமாக. அகலம் பிறகு தானாக வரும்.

மூன்றாம்ஆண்டு:

நான் டி-32-இல் இருந்து வந்தவள், இப்போது மூன்றாம் ஆண்டு. நடைமுறை விஷயங்களை மட்டும் சொல்கிறேன், அக்கா. இவை தெரியாமல் கையெழுத்துப் போட்டால் பிறகு சங்கடம்.

டி-32-இல் வருவது ஊதியம் கிடையாது, உதவித்தொகை. அளவை என்.ஐ.எச் நிர்ணயிக்கிறது, 2024-இல் அனுபவமே இல்லாத போஸ்ட்டாக்குக்கு ஆண்டுக்கு 61,008 டாலர். பல பல்கலைக்கழகங்கள் இதற்கு மேல் சேர்த்துத் தருகின்றன, சில தருவதில்லை, அதனால் கேளுங்கள். மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியச் சேமிப்பு, வரிப் பிடித்தம் எல்லாம் ஊழியருக்கு நடப்பதுபோல் நடக்காமல் போகலாம், அதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போஸ்ட்டாக் நிலையில் இந்த வகை நிதியை மொத்தம் 3 ஆண்டுகள்தான் பெறலாம். பிறகு எஃப்-32 என்ற தனிநபர் போஸ்ட்டாக் உதவித்தொகை கிடைத்தாலும் இதே கணக்கில்தான் கழியும்.

இன்னொன்று, திருப்பிச் செலுத்தும் கடமை. முதல் 12 மாதம் எடுத்த உதவித்தொகைக்கு ஈடாக அதே அளவு காலம் ஆராய்ச்சியோ கற்பித்தலோ செய்ய வேண்டும். பயந்துவிடாதீர்கள், இரண்டாம் ஆண்டும் அதே நிதியில் தொடர்ந்தால் அந்த ஆண்டே முதல் ஆண்டின் கடனைத் தீர்த்துவிடும். ஒரு வருடத்திலேயே நிறுத்திவிட்டு ஆராய்ச்சியை விட்டு வேறு வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் சிக்கல்.

டி-32, எஃப்-32 இரண்டுக்கும் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ வேண்டும். கே-99-க்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. இதைப் படிக்கும் விசா நண்பர்களும் கவனியுங்கள்.

கூட்டங்களில் பாதி நேரம் போகிறது என்பது என் அனுபவத்தில் உண்மை இல்லை. வாரத்துக்கு ஒரு அரை நாள் போகும். அந்த அரை நாளில் என் நிதி விண்ணப்பத்தின் நோக்கங்கள் பக்கத்தை, அதாவது எதை ஆராயப் போகிறேன் என்று சொல்லும் பக்கத்தை, என் ஆய்வகத்துக்கு வெளியே உள்ளவர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். என் தலைவர் மட்டும் படித்திருந்தால் அவருக்குப் பழகிப்போன ஓட்டைகள் அப்படியே மறுஆய்வுக் குழுவுக்குப் போயிருக்கும்.

வார்டுவாசம்:

மனநல மருத்துவர், அடிமை நோய்ச் சிகிச்சையில் இருக்கிறேன், ஆராய்ச்சியும் செய்கிறேன். ஒற்றைச்செல் தம்பி, "அகலம் பிறகு வரும்" என்கிறீர்கள். வராது. அகலம் இல்லாததால் இந்தத் துறை கொடுத்த விலைக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன்.

சி.ஆர்.எஃப் என்ற மன அழுத்தப் பெப்டைடின் ஏற்பியை அடைத்தால், மதுச் சார்பு, அதாவது மது இல்லாமல் உடல் தவிக்கும் நிலை, உண்டாக்கப்பட்ட எலிகள் குடிப்பதைக் குறைக்கின்றன. ஒரு ஆய்வகம் மட்டும் கண்டதில்லை, பல இடங்களில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. பயம், பதற்றத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியான அமிக்டலாவில் அந்த அமைப்பு எப்படித் தூண்டப்படுகிறது என்பதும் நுணுக்கமாகத் தெரிந்திருந்தது. கோட்டையே கட்டியாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பிறகு பெக்சாசெர்ஃபான்ட், வெருசெர்ஃபான்ட் என்ற இரண்டு மருந்துகளை மனிதர்களிடம் சோதித்தார்கள், முடிவுகள் 2015, 2016-இல் வெளிவந்தன. வெருசெர்ஃபான்ட் மன அழுத்த ஹார்மோன் எதிர்வினையைத் தணித்தது, அதாவது மருந்து உடலில் தன் வேலையைச் செய்தது. ஆனால் மதுவுக்கான ஏக்கம் குறையவில்லை.

எலி வேலை தவறு என்று சொல்ல வரவில்லை. எலியில் அளந்தது, மது நின்றதும் வரும் விலகல் நிலையில் கூடுதலாகக் குடிப்பதை. மனிதர்களிடம் அளந்தது, சில வாரம் குடிக்காமல் சிகிச்சையில் இருப்பவர்கள் படமோ கதையோ காட்டப்பட்டபோது சொன்ன ஏக்கத்தை. இரண்டும் ஒன்றா? எந்தக் கட்டத்தில் இருக்கும் நோயாளிக்கு இந்த மருந்து? ஜார்ஜ் கூப் வகுத்த மூன்று கட்டச் சுழற்சியை இங்கே பலரும் அறிவீர்கள்: போதையில் மூழ்குதல், விலகலும் மனக்கசப்பும், பிறகு அதே நினைப்பாக ஏங்குதல். ஒரு கட்டத்துக்கான மருந்தை இன்னொரு கட்டத்தில் சோதித்தோமா என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. அந்தக் கேள்வியைப் பரிசோதனைக்கு முன்பே எழுப்பக்கூடியவர், இரண்டு பக்கமும் நின்று பார்த்தவர்தான். அப்படிப்பட்ட ஆளை உருவாக்குவதுதான் போஸ்ட்டாக் பயிற்சியின் வேலை என்பது என் உறுதியான எண்ணம்.

எதிர்த் திசையிலும் ஒரு உதாரணம் உண்டு. எலியிலும் குரங்கிலும் ஓபியாய்டு ஏற்பியை அடைத்தால் மது குடிப்பது குறைகிறது என்ற கவனிப்பிலிருந்து, 1992-இல் நால்ட்ரெக்ஸோன் பற்றி இரண்டு மனிதச் சோதனைகள் வந்தன, 1994-இல் அமெரிக்காவில் மதுச் சார்புக்கு அனுமதி கிடைத்தது. விளைவு பெரிது என்று சொல்ல மாட்டேன், நடுத்தரம்தான். ஆனால் அந்தப் பாலம் நின்றது.

சினாப்ஸ்காரி, சிகிச்சைப் பிரிவு "பக்கத்தில்" இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் இருப்பது வேறு, உள்ளே போவது வேறு. ஆராய்ச்சி போஸ்ட்டாக்குகள் வார்டு சுற்றுக்கு வருகிறார்களா, நோயாளி ஒருவரிடம் டைம்லைன் ஃபாலோபேக் முறையில் கடந்த மூன்று மாதக் குடிப் பதிவை எடுத்துப் பார்த்திருக்கிறார்களா, விலகல் அறிகுறி அளவுகோல் போடும்போது உடன் நின்றிருக்கிறார்களா என்று கேளுங்கள். திடீரென மதுவை நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிரே போகலாம். அதைக் கண்ணால் பார்த்தவர் எலியின் "விலகல் மதிப்பெண்" என்ற பத்தியை வேறு மாதிரி எழுதுவார்.

ஒற்றைச்செல்:

சி.ஆர்.எஃப் விஷயம் எனக்கும் தெரியும் ஐயா. ஆனால் அந்தத் தோல்விக்கு அகலமான பயிற்சி இல்லாததுதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அதில் வேலை செய்த பலர் இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள். உயிரியல் கடினம், அவ்வளவுதான். இன்னும் ஆழமான சுற்று அளவிலான அறிவு இருந்திருந்தால் எந்த நோயாளிக்கு வேலை செய்யும் என்று கணித்திருக்கலாம். என் வாதத்துக்குத்தான் அது வலு சேர்க்கிறது.

வார்டுவாசம்:

நியாயமான பதில். தனிமனிதர்களின் பயிற்சிக் குறை என்று சொல்ல முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஆழம் எங்கே வேண்டும் என்று தீர்மானிக்க மறுபக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்பதில் நிற்கிறேன். 2018-இல் மார்க்கஸ் ஹைலிக் குழு செய்ததைப் பாருங்கள். மது, இனிப்புக் கரைசல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எலிகளுக்கு வாய்ப்புக் கொடுத்தார்கள். பெரும்பாலானவை இனிப்புக்குப் போயின, சுமார் 15 சதவீதம் மட்டும் மதுவிலேயே நின்றன. அந்தச் சிறு கூட்டத்தில் மத்திய அமிக்டலாவில், நரம்பணுக்களை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளை அகற்றும் காட்-3 என்ற கடத்திப் புரதம் குறைந்திருந்தது. அடுத்துச் செய்ததுதான் முக்கியம்: மதுச் சார்போடு இறந்தவர்களின் மூளைத் திசுவில் அதே இடத்தைப் பார்த்தார்கள், அங்கேயும் குறைவு. மாற்று வெகுமதி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் மதுவைத் தேர்வதுதான் நோயின் மையம் என்று மருத்துவமனையில் கற்ற ஒருவர் வடிவமைத்த பரிசோதனை அது. ஆழமும் இருக்கிறது, எங்கே தோண்டுவது என்ற தெளிவும் இருக்கிறது.

ஒற்றைச்செல்:

சரி, அது நல்ல உதாரணம்தான். நேரப் பிரச்சினை பற்றி நான் சொன்னது மட்டும் அப்படியே நிற்கிறது.

சீரற்றமாதிரி:

புள்ளியியல் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை, ஏனென்றால் பயிற்சித் திட்டங்களில் ஒருநாள் பட்டறையோடு முடித்துவிடும் பகுதி இதுதான்.

ஒரு எலியிலிருந்து ஆறு நரம்பணுக்களைப் பதிவு செய்துவிட்டு, எண்ணிக்கை ஆறு என்று எழுதும் கட்டுரைகள் இன்னும் வருகின்றன. ஆறு அணுக்களும் ஒரே விலங்கின் மூளை, ஒரே குடி வரலாறு, ஒரே கூண்டு. அவற்றைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணக் கூடாது. விலங்கை ஒரு அடுக்காகவும் அணுவை அதற்குள் ஒரு அடுக்காகவும் வைத்துக் கணக்கிடும் கலப்பு மாதிரியைக் கற்றுத் தருகிறார்களா என்று பாருங்கள். சினாப்ஸ்காரி, உங்கள் கைவேலைக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

ஆண், பெண் விலங்குகள் விஷயமும் உண்டு. 2016 ஜனவரி முதல் என்.ஐ.எச் விண்ணப்பங்களில் பாலினத்தை ஒரு உயிரியல் மாறியாகக் கருத வேண்டும். அதற்காக இரண்டு பாலிலும் பாதிப் பாதி எடுத்துவிட்டு, பிறகு ஒன்றாகக் குவித்துவிட்டால் பயனில்லை. மதுவில் இது முக்கியம், பெண் எலிகளும் பெண் சுண்டெலிகளும் உடல் எடைக் கணக்கில் பெரும்பாலும் ஆணைவிட அதிகம் குடிக்கின்றன.

அப்புறம் கட்டுப்பாட்டுக் குழுக்கள். ட்ரெட் முறையில், அதாவது நரம்பணுக்களில் மரபணு வழியாகச் செயற்கை ஏற்பியை வைத்து, அவற்றைத் தூண்டவோ அடக்கவோ சி.என்.ஓ என்ற மருந்தைக் கொடுக்கிறார்கள். அது உடலில் க்ளோசபைன் என்ற மனநோய் மருந்தாக மாறி, அந்த க்ளோசபைன்தான் மூளையில் வேலை செய்கிறது என்று 2017-இல் காட்டப்பட்டது. க்ளோசபைன் தானே விலங்கின் நடத்தையை மாற்றக்கூடிய மருந்து. ட்ரெட் இல்லாத விலங்குகளுக்கும் அதே சி.என்.ஓ கொடுத்துப் பார்க்காத ஆய்வகம் என்றால், அங்கே எவ்வளவு புகழ் இருந்தாலும் நல்ல பழக்கம் கற்க முடியாது. அவர்களுடைய கடைசி இரண்டு கட்டுரைகளின் பின்னிணைப்பைத் திறந்து இதைப் பாருங்கள், நேர்காணலுக்கு முன்பே பாதி பதில் கிடைத்துவிடும்.

தெளிந்தநீர்:

நான் ஆய்வாளன் இல்லை. மதுவிலிருந்து மீண்டு வருபவன். ஆராய்ச்சிகளில் பங்கேற்பாளராக இருந்திருக்கிறேன், இப்போது ஓர் ஆய்வுக் குழுவுக்கு நோயாளிகள் தரப்பில் ஆலோசனை சொல்கிறேன். இந்த இழையை வெகுநேரம் படித்துவிட்டு எழுதுகிறேன்.

எங்களிடம் வரும் இளம் ஆய்வாளர்கள் பெரும்பாலும் கனிவானவர்கள். ஆனால் சிலருக்கு யாருமே சொல்லிக்கொடுக்காத விஷயங்கள் இருக்கின்றன. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன் மூச்சுச் சோதனை செய்வார்கள், அது சரி, போதையில் இருப்பவரின் ஒப்புதல் ஒப்புதல் ஆகாது. அதைக் காவல் சோதனை மாதிரி செய்யலாம், "இது எல்லோருக்கும் செய்வதுதான், உங்கள் பாதுகாப்புக்கும் எங்கள் தரவுக்கும்" என்று ஒரு வரி சொல்லியும் செய்யலாம். வேலை பார்க்கும் இடத்துக்கோ நீதிமன்றத்துக்கோ என் தகவல் போய்விடுமோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கும். அமெரிக்காவில் என்.ஐ.எச் நிதியில் நடக்கும் இத்தகைய ஆய்வுகளுக்கு 2017-இலிருந்து ரகசியக் காப்புச் சான்றிதழ் தானாகவே உண்டு என்கிறார்கள். பெரிய பாதுகாப்பு அது. ஆனால் படிவத்தின் நடுவே சட்ட மொழியில் இருக்கிறது, வாயால் விளக்குபவர் குறைவு.

குடிக்கும் படங்களைக் காட்டி ஸ்கேனருக்குள் படுக்க வைப்பார்கள். வெளியே வந்தபின் எனக்கு என்ன நடக்கிறது என்று யாராவது அரை மணி நேரம் உடன் இருக்க வேண்டும். நல்ல குழுக்கள் அப்படி உடன் இருக்கிறார்கள். மூளையில் விளக்கு எரிந்தது உங்களுக்குத் தரவு. அந்த ஏக்கத்தோடு வீட்டுக்குப் போகப் போவது நான். எலியோடு மட்டும் வேலை செய்யப் போகிறவருக்கு இது எதற்கு என்று கேட்கலாம். எதை அளக்க வேண்டும் என்று முடிவு செய்பவர் நீங்கள்தானே. "குடித்த அளவு" என்று ஒரே எண்ணை வைக்கிறீர்கள். எனக்கு முதலில் திரும்பி வந்தது தூக்கமும், மகளோடு பேசும் பொறுமையும்தான். நான் எவ்வளவு குறைத்தேன் என்பது பிறகு.

வார்டுவாசம்:

நன்றி ஐயா. தூக்கத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை என் போஸ்ட்டாக்குகளுக்குக் காட்டப் போகிறேன். குடி நின்ற பிறகும் தூக்கக் கோளாறு மாதக்கணக்கில் நீடிக்கிறது, மீண்டும் குடிக்கத் தொடங்குவதோடு அதற்குத் தொடர்பும் இருக்கிறது. ஆனாலும் எலி ஆய்வுகளில் தூக்கத்தை அளப்பவர்கள் ஒப்பீட்டில் குறைவு.

சினாப்ஸ்காரி:

எல்லோருக்கும் நன்றி. தெளிந்தநீர் ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

ஒரு சந்தேகம், குழாய்முனை சாருக்கு. டி-32 பக்கம் போனால் மது கொடுத்த விலங்கு மாதிரியில்தான் வேலை. மதுவில் மாதிரிகள் ஏராளம் போலத் தெரிகிறது: இரட்டைக் குப்பி, இருட்டில் குடித்தல், ஆவிப் பெட்டி. எதில் தொடங்குவது? கோகெயினில் ரத்தக்குழாய் வழியாகத் தானே செலுத்திக்கொள்ளும் முறை ஒன்றைக் கற்றால் போதும் என்று அந்த ஆய்வகத்தில் சொன்னார்கள்.

குழாய்முனை:

கேள்விதான் மாதிரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஆய்வகத்தில் இருக்கும் பெட்டி இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் எதற்கு என்று சொல்கிறேன்.

இரட்டைக் குப்பி என்பது தண்ணீர் ஒன்றில், மது ஒன்றில், எலி தானே தேர்ந்து குடிப்பது. ஒருநாள் விட்டு ஒருநாள் 20 சதவீத மதுவைக் கொடுத்தால், தொடர்ந்து கொடுப்பதைவிட எலிகள் அதிகம் குடிக்கின்றன. எளிது, மலிவு, விருப்பத்தை அளக்க நல்லது. ஆனால் நாள் முழுவதும் பரப்பிக் குடித்தால் ரத்தத்தில் அளவு ஏறாமலே போகலாம். உடல் எடையில் கிலோவுக்கு இத்தனை கிராம் மது என்ற கணக்கு அழகாக இருக்கும், விலங்குக்குப் போதையே ஏறியிருக்காது. ரத்த மது அளவை எடுக்காத கட்டுரையை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன்.

இருட்டில் குடித்தல் என்பது சுண்டெலிக்கு, இருட்டுத் தொடங்கி மூன்று மணி நேரம் கழித்து, அதாவது அது நன்றாக உண்டு குடிக்கும் நேரத்தில், சில மணி நேரம் மட்டும் தண்ணீருக்குப் பதில் மது வைப்பது. சி57பிஎல்/6ஜே இனச் சுண்டெலிகள் அப்போது ரத்த மது அளவை டெசிலிட்டருக்கு 80 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றிக்கொள்ளும். மனிதரில் மிதமிஞ்சிய குடி என்று அமெரிக்க மது ஆராய்ச்சி நிறுவனமான என்.ஐ.ஏ.ஏ.ஏ வைத்திருக்கும் வரம்பும் அதுவே. அதே சமயம் டிபிஏ/2ஜே இனம் மதுவைத் தொடவே மாட்டேன் என்கிறது. மரபணு எவ்வளவு ஆழமாக உள்ளே இருக்கிறது என்பதற்கு இந்த இரண்டு கூண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். மனிதரில் இரட்டையர் ஆய்வுகள் மது நோயின் மரபுப் பங்கைச் சுமார் பாதி என்கின்றன. ஆனால் இந்த முறை மிதமிஞ்சிய குடியைக் காட்டும், சார்பு நிலையைக் காட்டாது.

சார்பு நிலைக்கு ஆவிப் பெட்டி. மது ஆவியைச் சுவாசிக்க வைத்து ரத்த அளவை உயர்த்தி, பிறகு நிறுத்தி, மீண்டும் ஏற்றி, இப்படிச் சுழற்சியாகச் சில வாரம். அதன்பின் அதே விலங்கு தானாகக் குடிப்பது அதிகரிக்கிறது, விலகல் அறிகுறிகளும் தெரிகின்றன. குறை என்னவென்றால், மது ஏறியது அதன் விருப்பத்தால் இல்லை. இதனால்தான் பலர் இரண்டையும் சேர்க்கிறார்கள், முதலில் தானாகக் குடிக்க வைத்து அளந்துவிட்டு, ஆவிக்குப் பிறகு மீண்டும் அளப்பார்கள்.

நீங்கள் சீவல் எடுக்கப் போகிறீர்கள் என்றால், கடைசியாக மது நின்ற நேரத்திலிருந்து எத்தனை மணி நேரம் என்பதைப் புத்தகத்தில் எழுதாமல் ஒரு பதிவும் எடுக்காதீர்கள். ஆறு மணி நேர விலகலில் இருக்கும் அமிக்டலாவும் இரண்டு வாரம் கழித்து இருக்கும் அமிக்டலாவும் வேறு வேறு மூளைகள் போல நடந்துகொள்ளும். ஹிப்போகாம்பஸ் ஆய்வகத்தில் இதற்கு நிகரான ஒன்றும் கற்றிருக்க மாட்டீர்கள்.

கோகெயினில் ஒரு முறை போதும் என்றது பற்றி: அங்கேயும் கேள்வி உண்டு. 2007-இல் வெளிவந்த ஆய்வில், கோகெயினும் சாக்கரின் இனிப்பு நீரும் தேர்வாக வைக்கப்பட்டபோது 94 சதவீத எலிகள் சாக்கரின் பக்கம் போயின. 2018-இல் வெனிரோவும் ஷஹாமும் சேர்ந்த குழு, மெத்தம்பெட்டமைன், ஹெராயின் எடுத்துப் பழகிய எலிகளுக்கு இன்னொரு எலியோடு பழகும் வாய்ப்பைத் தேர்வாக வைத்தபோது, அவை பெரும்பாலும் துணையைத் தேர்ந்தன. தனிக் கூண்டில், வேறு எதுவும் செய்ய வழியில்லாத எலியை மட்டும் பார்த்துவிட்டு மனித நோயைப் பற்றிப் பேசுவது எவ்வளவு அபாயம் என்பது இதில் தெரிகிறது. அந்த ஆய்வகத்தில் தேர்வுப் பரிசோதனை வைக்க இடம் கொடுப்பார்களா என்று கேளுங்கள். கொடுப்பார்கள் என்றால் அந்த ஆய்வகத்தையும் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாம்ஆண்டு:

நேர்காணலில் நான் கேட்டு எனக்குப் பயன்பட்டவற்றைச் சேர்க்கிறேன். திட்டத்தில் இருந்து போன போஸ்ட்டாக்குகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியல் அவர்களிடம் கட்டாயம் இருக்கும், டி-32 புதுப்பிக்க அதைக் காட்டியாக வேண்டும், தயங்காமல் கேளுங்கள். பட்டியலில் பேராசிரியர்கள் மட்டும் இருக்கிறார்களா, மருந்து நிறுவனம், அரசு, அறிவியல் எழுத்து என்று போனவர்களையும் பெருமையாகச் சொல்கிறார்களா என்று பாருங்கள். இரண்டாம் வழிகாட்டி காகிதத்தில் மட்டும் இருக்கிறாரா என்பதைக் கண்டுபிடிக்க, "கடைசியாக எப்போது அவரைச் சந்தித்தீர்கள்?" என்று இப்போதைய போஸ்ட்டாக்கிடம் தனியாகக் கேட்டால் போதும், முகத்திலேயே தெரியும். ஆய்வகத்தை விட்டுப் போகும்போது எந்தத் திட்டத்தைக் கையோடு எடுத்துப் போகலாம் என்பதைச் சேரும் முன்பே பேசிவிடுங்கள். நாலாவது ஆண்டில் பேசினால் மனக்கசப்பு வரும்.

ஒற்றைச்செல் அண்ணா சொன்ன நேரப் பிரச்சினையை நான் லேசாக எடுக்கவில்லை. என் வழி, முதல் மாதமே விலங்குகளைக் குடிக்க வைத்துவிட்டேன். வகுப்பு நடக்கும் மாதங்களில் அவை தம் பாட்டுக்குக் குடி வரலாற்றைச் சேர்த்துக்கொண்டிருந்தன. மதுவில் எப்படியும் விலங்கு தயாராக வாரங்கள் ஆகும், அந்த நேரத்தில்தான் வார்டுக்கும் வகுப்புக்கும் போனேன்.

ஒற்றைச்செல்:

இது நல்ல யோசனை. இப்படித் திட்டமிட்டால் என் எதிர்ப்பு பெரிதாக நிற்காது. சினாப்ஸ்காரி, டி-32 பக்கம் போனால் முதல் ஆண்டு முடிவதற்குள் கே-99 நோக்கங்கள் பக்கத்தை எழுதிக் குழுவிடம் காட்டிவிடுங்கள், அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

சினாப்ஸ்காரி:

சரி. டி-32 திட்டத்திடம் மீண்டும் பேச நேரம் கேட்டு எழுதிவிட்டேன். வார்டு சுற்றுக்கு அனுமதி உண்டா, ரத்த மது அளவு யார் எடுக்கிறார்கள், ஆவிப் பெட்டியில் எனக்கு எப்போது இடம் கிடைக்கும், இரண்டாம் வழிகாட்டி மருத்துவராக இருக்க முடியுமா என்ற நாலையும் கேட்கிறேன். கோகெயின் ஆய்வகத்திடமும் தேர்வுப் பரிசோதனை பற்றிக் கேட்கப் போகிறேன், பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். தெளிந்தநீர் ஐயா, எலிகளில் குடித்த அளவோடு தூக்கத்தையும் பதிவு செய்வதுபோல் ஒரு திட்ட வரைவு எழுதினால், நீங்கள் ஒரு முறை படித்துப் பார்ப்பீர்களா?

தெளிந்தநீர்:

அனுப்புங்கள் அம்மா. அறிவியல் பகுதி எனக்குப் பாதிதான் புரியும், புரியாத இடங்களில் கோடு போட்டு அனுப்புகிறேன்.